‘நான்’ என்னும் பொறுப்பு: தமிழ் வாத உரைநடையில் தன்மை இடத்தின் வரலாறு

முன்னுரை

தமிழில் ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, ‘நான்’ என்று எழுதாதே என்பது. ‘நான் கருதுகிறேன்’ என்ற தொடர் ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்றோ ‘எனலாம்’ என்றோ திருத்தப்பட்டு வரும். எழுதுபவர் ஒதுங்கிக்கொண்டால் எழுத்துக்கு நடுநிலை வந்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் கடந்த இரு நூற்றாண்டுகளில் தமிழ் வாசகரின் மனத்தை அசைத்த உரைநடையில் பெரும்பகுதி ‘நான்’ என்ற சொல்லை ஊன்றியே நிற்கிறது. வள்ளலாரின் பேருபதேசமும் பெரியாரின் ‘குடி அரசு’ எழுத்துகளும் அண்ணாவின் தம்பிக்குக் கடிதங்களும் தன்மை இடத்தை நீக்கினால் குலைந்துபோகும்.

இணங்கவைக்கும் எழுத்தில் தன்மை இடம் எப்போது ஏற்கப்பட்டது, எதற்காக ஏற்கப்பட்டது, என்ன வேலை செய்தது என்பதை பழந்தமிழ் இலக்கியம் முதல் 1970-கள் வரை இக்கட்டுரை பின்தொடர்கிறது. ‘நான்’ என்பதைத் தற்பெருமையின் அடையாளமாகவோ நெருக்கத்தின் அடையாளமாகவோ மட்டும் பார்ப்பது போதாது என்பது என் வாதம். கருத்தோடு மோத விரும்புபவருக்கு எதிரே ஓர் ஆளை நிறுத்துகிறது அந்தச் சொல். அதன் வரலாறு, எழுத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியின் வரலாறாகவே அமைந்திருக்கிறது.

1. அவைக்கு முன் தன்மை: மரபின் அனுமதி

பழந்தமிழில் இணங்கவைக்கும் பேச்சின் மிகச் சிறந்த மாதிரிகளில் ஒன்றில் தன்மை இடமே இல்லை. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறக் கிள்ளிவளவன் முனைந்தபோது கோவூர்கிழார் பாடித் தடுத்தது புறநானூற்றின் 46-ஆம் பாட்டு. ஒரு பக்கம் ‘நீ’: புறாவின் துயர் தீர்த்தவனின் வழிவந்தவன். மறுபக்கம் ‘இவர்’: புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்டவரின் மரபில் வந்தவர்கள். பிள்ளைகளோ யானையைக் கண்ட வேடிக்கையில் அழுகையை மறந்து, கூடியிருக்கும் மன்றத்தைப் பார்த்துப் புதிதாக மிரண்டு நிற்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கேட்டாயல்லவா, இனி உன் விருப்பம்போல் செய் என்று புலவர் முடித்துவிடுகிறார். தன் புலமையையோ அரசனோடு தனக்குள்ள உறவையோ அவர் துணைக்கு அழைக்கவில்லை. முடிவு முழுக்கக் கேட்டவன் கையில் விடப்படுகிறது.

திருக்குறள் வேறொரு வழியைக் காட்டுகிறது. அறத்தைப் பொதுவிதியாகச் சொல்லிச் செல்லும் அந்நூலில் ஆசிரியர் தம்மை வெளிக்காட்டும் இடங்கள் மிகச் சில. மக்கட்பேற்றில் 61-ஆம் குறளும் வாய்மையில் 300-ஆம் குறளும் ‘யாம்’ அறிந்த அளவில், ‘யாம்’ கண்ட அளவில் என்று பேசுகின்றன. இரண்டுமே ஒன்றை எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று சொல்லும் இடங்கள். உச்சமான கூற்றைச் சொல்லும்போது ‘எனக்குத் தெரிந்தவரை’ என்ற வரம்பும் சேர்ந்தே வருகிறது. இரவச்சத்தில் வரும் 1067-ஆம் குறள் இன்னும் துணிச்சலானது. ‘இரப்பன்’ என்று தன்மை ஒருமையில் தொடங்கி, ‘இரவன்மின்’ என்று முன்னிலைப் பன்மை ஏவலில் முடிகிறது. ஒளித்துவைப்பவரிடம் இரக்காதீர்கள் என்று சொல்லவந்தவர், அதற்காக இரப்பவர் எல்லாரிடமும் தானே இரந்து நிற்கிறார். இரத்தலின் இழிவைப் பேசும் அதிகாரத்தில் அந்த இழிவைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பேசும் குரல் அது.

இந்த வழக்கங்களுக்கு விதி வகுத்தது நன்னூல். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தருபவர்களாக அது சொல்வது ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரை. நூலை எழுதியவர் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை துறைகளில் தேர்ந்தவராயினும் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்பது பொதுவிதி. அதற்கு நான்கு விலக்குகள் உண்டு: அரசனின் மன்றத்துக்கு ஓலை எழுதும்போது, தம் திறம் அறியாதவரிடையே பேசும்போது, அவையில் வாதிட்டு வெல்லவேண்டியபோது, எதிர்த்தரப்பு தம்மைப் பழித்தபோது. நான்கும் யாரையாவது இணங்கவைக்கவேண்டிய நெருக்கடிகள் என்பதைக் கவனிக்கவேண்டும். கற்பிக்கும் நூலில் விலக்கப்பட்ட தன்மை, வாதம் நடக்கும் அவையில் அனுமதிக்கப்படுகிறது. அங்கே மறுத்துப் பேச எதிராளி நேரில் இருக்கிறான் என்பதே அந்த அனுமதியின் அடிப்படை என்று கொள்ளலாம்.

உரையாசிரியர்கள் அவையில் வாதிட்டவர்கள் அல்லர்; ஆகவே பொதுவிதியையே பின்பற்றினார்கள். பரிமேலழகர் பிறர் கருத்தை மறுக்கும்போதும் ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று எதிராளியின் பெயரை விட்டுவிடுகிறார், தம்மையும் முன்னிறுத்துவதில்லை. ‘நான்’ இல்லாத அறிவுநடைக்கு இந்த உரைமரபு ஒரு முன்னோடி.

2. துண்டு வெளியீடுகளின் காலம்: விட்டுக்கொடுத்த ‘நான்’, மாறிய ‘நான்’

1835-இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் அச்சகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, அச்சு இந்தியர் கைக்குப் பரவலாக வந்தது. சமய வாதம் அவையை விட்டுத் துண்டு வெளியீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. எதிராளி இப்போது நேரில் இல்லை. வாசகர் யாரென்றும் தெரியாது. எழுதுபவர் யார், அவரை ஏன் நம்பவேண்டும் என்ற கேள்விக்கு அச்சிட்ட தாளிலேயே பதில் வைக்கவேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இதை நன்கு உணர்ந்தவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பின்னர் அந்த வேலையை விட்டுச் சைவப் பள்ளியும் அச்சகமும் நிறுவியவர். 1854-இல் வந்த ‘சைவ தூஷண பரிகாரம்’ எதிர்த்தரப்பின் நூலாகிய விவிலியத்தைக் கொண்டே வாதிடுகிறது. அங்கே ஆசிரியரின் வாழ்க்கைக்கு வேலையில்லை. சைவரை நோக்கி எழுதிய விக்கியாபனங்களில்தான் (அறிவிப்புகளில்) நாவலரின் ‘நான்’ முன்னே வருகிறது. சம்பளம் தந்த உத்தியோகத்தை விட்டதும் இல்வாழ்க்கையில் புகாததும் சைவமும் கல்வியும் வளரவேண்டும் என்பதற்காகவே என்று அவர் கணக்குக் காட்டுகிறார். பணமும் உழைப்பும் கேட்டு வருபவர், தான் எதை விட்டுக்கொடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார். எதிராளிக்கு நூலாதாரம், தம்மவருக்குத் தன் வாழ்க்கை என்று அவர் ஆதாரத்தை இரு வகையாகப் பிரித்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளின் ‘நான்’ வேறு வகை. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி கட்டி அவர் ஆற்றிய பேருபதேசத்தில், சமயங்களில் பற்று வைக்கவேண்டாம் என்று கூடியிருந்தவர்களை இணங்கவைக்கவேண்டியிருந்தது. அவர்களோ அவருடைய சிவபக்திப் பாடல்களில் உருகித்தான் அவரிடம் வந்தவர்கள். சைவத்தில் தனக்கு முன்பு எவ்வளவு பற்று இருந்தது என்பதை அவரே எடுத்துச் சொல்கிறார். அதற்குச் சாட்சியாகத் தம் பாடல்களையே காட்டுகிறார். அப்போது தம் அறிவு அந்த அளவில்தான் இருந்தது என்கிறார். அந்தப் பற்றை விட்டதால் தாம் அடைந்த நன்மையை நீங்களும் அடையலாம் என்று முடிவுக்கு வருகிறார். நாவலரின் தன்மை உறுதியைக் காட்டுகிறது. வள்ளலாரின் தன்மை மாற்றத்தைக் காட்டுகிறது. கேட்பவர் கடக்கத் தயங்கும் தூரத்தைப் பேசுபவர் ஏற்கெனவே கடந்துவிட்டார் என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். எந்தச் சாத்திர மேற்கோளாலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

3. பத்திரிகையின் ‘நாம்’: பெயரில்லாத குரல்

1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ போன்ற இதழ்களோடு தலையங்கம் என்ற வடிவம் தமிழில் நிலைபெற்றது. அதனுடன் வந்து சேர்ந்தது ஆசிரியரின் ‘நாம்’. தமிழில் இதற்குத் தனி விளைவு உண்டு. கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’, கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ என்று தன்மைப் பன்மை இரண்டாகப் பிரிந்த மொழி இது. ‘நாம் கருதுகிறோம்’ என்று தலையங்கம் எழுதும்போது அது ஆசிரியர் குழுவின் கருத்தா, வாசகரும் சேர்ந்த சமூகத்தின் கருத்தா என்பது வேண்டுமென்றே தெளிவில்லாமல் விடப்படுகிறது. வாசகர் இன்னும் ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொண்டதாக வைத்துப் பேசும் வசதி அதில் இருக்கிறது. தேசியம் பேசிய இதழ்களுக்கு, இன்னும் உருவாகாத ஒரு மக்கள்திரளை உருவாகிவிட்டதாகக் காட்ட அந்த வசதி மிகவும் பயன்பட்டது.

அந்த ‘நாம்’ எல்லாரையும் உள்ளடக்கியதா என்ற கேள்வியை எழுப்பியவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. இழிவாக்கப்பட்ட பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது. ஒருவன் தன்னை இன்னான் என்று வெளிப்படையாகச் சொல்லி முன்வந்தால்தான் தாழ்வு நீங்கும் என்பது அந்தப் பெயருக்கு அவர் தந்த விளக்கம். பொதுவான ‘நாம்’ என்பதற்குள் மறையாமல், பெயரும் சாதியும் தெரிய ‘நான்’ என்று நிற்பதே இங்கு வாதமாகிறது. தன்மை இடத்தைப் பற்றிய சிந்தனை ஓர் இதழின் தலைப்பாகவே ஆன அரிய நிகழ்வு இது.

தலையங்க ‘நாம்’ சட்டத்தின் முன் என்ன ஆயிற்று என்பதற்கு ‘இந்தியா’ வழக்கு சான்று. 1906 முதல் சென்னையில் வெளிவந்த அந்த வார இதழின் அரசியல் எழுத்துக்குப் பின்னிருந்த சக்தி பாரதியார் என்பது ஊரறிந்தது. ஆனால் ஆசிரியர் என்று அரசிடம் பதிவாகியிருந்தவர் எம். ஸ்ரீனிவாசன். 1908-இல் இராஜத்துரோக வழக்கு வந்தபோது கைதாகித் தண்டனை பெற்றவர் அவர். பாரதி புதுச்சேரி சென்றார். பிரிட்டிஷ் ஆட்சியின் கெடுபிடியில் பத்திரிகைகள் இப்படித் தற்காப்புச் செய்துகொண்டதில் வியப்பில்லை. எனினும் எழுதிய குரலும் பதில் சொன்ன உடலும் வேறு வேறாக இருக்க அந்த ‘நாம்’ இடம்கொடுத்தது. பாரதி பின்னாளில் காளிதாசன், சக்திதாசன் போன்ற புனைபெயர்களில் எழுதியதையும் இதே சூழலில் வைத்துப் படிக்கலாம்.

4. கையொப்பமிட்ட ‘நான்’: குடி அரசு

1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ தமிழ் வாத உரைநடையில் தன்மை இடத்தின் திருப்புமுனை. பெரியாருக்கு அங்கே இரண்டு குரல்கள் இருந்தன. கிண்டலும் கற்பனை உரையாடலும் எழுதும்போது ‘சித்திரபுத்திரன்’. கொள்கையை நிறுவும்போது ஈ.வெ.ரா. புனைபெயருக்குப் பின்னால் பொறுப்பைத் தள்ளிவிடாமல், எந்தக் குரலுக்கு எந்த வேலை என்று அவர் பிரித்துக்கொண்டார். 1927-இன் இறுதியில் இதழின் முகப்பில் தம் பெயருக்குப் பின்னிருந்த ‘நாயக்கர்’ பட்டத்தையும் நீக்கினார். சாதியை ஒழிக்கச் சொல்லும் ‘நான்’ சாதிப்பட்டத்தோடு கையொப்பமிட்டால் வாதம் அங்கேயே இடறும். சொல்லப்படும் கருத்துக்கேற்பச் சொல்பவரின் பெயரே திருத்தப்பட்டது.

இந்த ‘நான்’ பொறுப்பேற்றதற்கு வெளிப்படையான சான்று 1933-இல் கிடைக்கிறது. அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும் என்று கேட்டு அக்டோபர் 29 இதழில் வந்த தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியிடுபவராக இருந்த தங்கை கண்ணம்மாளும் கைதானார்கள். நீதிமன்றத்தில் தாம்தான் ஆசிரியர் என்றும், அந்தத் தலையங்கத்தை எழுதியது தாம்தான் என்றும் பெரியார் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். ‘இந்தியா’ வழக்குக்குக் கால்நூற்றாண்டுக்குப் பின் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. தலையங்கத்தில் பேசிய குரல் கூண்டில் ஏறி ‘நான்’ என்று தன்னைக் காட்டிக்கொள்கிறது.

ஆனால் பெரியாரின் தன்மைக்கு இன்னொரு பாதியும் உண்டு. தம் பேச்சுகளில் அவர் ஓயாமல் வலியுறுத்தியது, நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளுங்கள் என்பது. திராவிட சமுதாயத்தைத் திருத்தும் பணியைத் தாம் மேற்கொண்டதற்கு அவர் காட்டும் காரணமும் இதே தொனியில்தான்: முழுப்பெயரைச் சொல்லி, அந்தப் பெயருக்குரிய நான், வேறு யாரும் முன்வராததால் இதை ஏற்றுக்கொண்டேன், தகுதி இருக்கிறதோ இல்லையோ என்கிறார். ‘நான்’ அழுத்தமாக ஒலிக்கிறது. அதற்கு அதிகாரம் மட்டும் கோரப்படவில்லை. கோவூர்கிழார் தன்னை மறைத்துக்கொண்டு கேட்பவனிடம் விட்ட முடிவை, பெரியார் தன்னை முழுக்க வெளிக்காட்டிவிட்டு அதே கேட்பவரிடம் விடுகிறார். கருத்து யாருடையது என்று தெரிந்தால்தான் அதைத் தள்ளிவிடவும் முடியும்.

இந்த வட்டத்திலிருந்து வந்த மேலும் இரண்டு எழுத்துகள் குறிப்பிடத்தக்கவை. பகத் சிங் 1930-இல் லாகூர் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் ‘நான் நாத்திகன் ஏன்?’ என்று தமிழாக்கினார். அதை வெளியிட்டதற்காக 1930-களின் நடுவில் கைதுகளும் நடந்தன. தூக்குமேடையை எதிர்நோக்கியிருப்பவர், பயத்திலும் கடவுளை அழைக்கவில்லை என்று சொல்வதுதான் அக்கட்டுரையின் பலம். அதைப் படர்க்கையில் மாற்றி எழுதினால் செய்திக்குறிப்புதான் மிஞ்சும். இன்னொன்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936). நாவலின் கதை படர்க்கையில் நடக்கிறது. முன்னுரையிலோ ஆசிரியர் தாமே அந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டதையும் அதிலிருந்து வெளிவந்து போராடியதையும் கூறுகிறார். தேவதாசி முறையை ஆதரித்தவர்கள் சாத்திரத்தையும் கலையையும் காட்டி வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அனுபவித்தவள் என்ற தகுதி, அந்த இரண்டாலும் எட்ட முடியாத ஆதாரத்தை முன்வைத்தது.

5. அண்ணன் என்ற ‘நான்’: கடிதங்களின் அரசியல்

காஞ்சிபுரத்திலிருந்து 1942 முதல் வெளிவந்த ‘திராவிட நாடு’ இதழில், 1955-இல் அண்ணா தம்பிக்குக் கடிதங்களைத் தொடங்கினார். பின்னர் ‘காஞ்சி’ இதழிலும் அவை தொடர்ந்தன. பெரியாரைப் பிரிந்து 1949-இல் அவர் தொடங்கிய தி.மு.க., பெரியாருக்கென்றே தலைவர் நாற்காலியைக் காலியாக விட்ட கட்சி. தலைவர் என்ற அதிகாரத்தின் இடத்தில் அண்ணன், தம்பி என்ற உறவை வைத்தே அது தன்னை நடத்திக்கொண்டது. கடிதங்கள் அந்த உறவின் எழுத்து வடிவம்.

இந்தக் கடிதங்களின் நுட்பம், தம்பியின் வாயிலேயே ஐயத்தை வைப்பதில் இருக்கிறது. இப்படிக் கேட்கத் தோன்றுகிறதல்லவா தம்பி என்று அண்ணனே எதிர்க்கேள்வியை எழுப்புகிறார், தயங்குகிறார், பிறகு பொறுமையாகப் பதில் சொல்கிறார். வரவுசெலவுத் திட்டமும் உலக வரலாறும் வீட்டுத் திண்ணையில் பேசப்படும் விஷயங்களாகின்றன. படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும்போதும், ஒவ்வொருவரும் தன்னிடம் பேசப்படுவதாகவே உணர முடிந்தது. முன்னிலை ஒருமைக்கு இவ்வளவு பெரிய அரசியல் வேலையைத் தமிழ் அதற்கு முன் கொடுத்ததில்லை.

‘நான்’ இங்கே உறவாக மாறியிருக்கிறது. அதில் ஆதாயமும் உண்டு, விலையும் உண்டு. 1963-இல் தனித் திராவிட நாடு என்ற பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட நேர்ந்தபோது, அதற்காகவே கட்சியில் சேர்ந்த தொண்டரை இணங்கவைக்கும் சுமை அண்ணாவின் சொல்லின்மேல் விழுந்தது. அந்த அளவு நம்பிக்கையைத் திரட்டிவைத்திருந்தது இந்த உறவுதான். ஆனால் அண்ணனை மறுப்பது ஒரு கருத்தை மறுப்பது மட்டுமல்ல. குடும்பத்தில் முகம் திருப்பிக்கொள்வதும் ஆகிறது. பெரியாரின் ‘தள்ளுங்கள்’ என்ற வாய்ப்பு இங்கே மறுக்கப்படவில்லை. எனினும் அதைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கவேண்டிய விலை ஏறிவிட்டது.

மு. கருணாநிதி ‘முரசொலி’யில் ‘உடன்பிறப்பே’ என்று விளித்துப் பல ஆயிரம் கடிதங்கள் எழுதி இவ்வடிவத்தை நாள்தோறும் நடக்கும் வழக்கமாக்கினார். நெருக்கடிநிலைக் காலத் தணிக்கை அந்தக் குரலை நெரித்தபோது நடந்தது தன்மை இடத்தின் ஆய்வாளருக்கு முக்கியமானது. 1976 பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாளன்று, அவர் சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று பெயர்ப்பட்டியல் ஒன்று ‘முரசொலி’யில் வந்தது. கைதானவர்களின் பட்டியல் அது. ‘நான்’ இல்லை, குற்றச்சாட்டு இல்லை, வினைமுற்றே ஏறக்குறைய இல்லை. ஆண்டுக்கணக்கில் கடிதம் படித்துப் பழகிய வாசகருக்கு யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பது சொல்லாமலே விளங்கியது. தன்மை இடத்தைச் சொல்லாமல் விட்டும் அதன் பலனைப் பெறலாம். அதற்கு முன்பே அந்த ‘நான்’ வாசகர் மனத்தில் ஊன்றியிருக்கவேண்டும்.

6. ஆய்வுரையின் மறைந்த ‘நான்’

பல்கலைக்கழகத் தமிழ் இதே காலத்தில் எதிர்த்திசையில் சென்றது. ‘கருதப்படுகிறது’, ‘அறியமுடிகிறது’, ‘எனலாம்’ ஆகிய தொடர்கள் ஆய்வுநடையின் முத்திரைகளாயின. உரையாசிரியர் மரபும் அறிவியல்நடை மீதான மதிப்பும் இதில் கலந்திருக்கின்றன. ஓலைச்சுவடி ஒப்பீட்டுக்கோ கல்வெட்டுப் பாடத்துக்கோ இந்த நடை பொருந்தும். யார் படித்தாலும் எழுத்து அதுவே என்பதால் படித்தவர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பாட்டின் காலத்தையோ ஓர் இயக்கத்தின் பயனையோ மதிப்பிடும்போது ‘கருதப்படுகிறது’ என்பது கருதியவரை ஒளித்துவிடுகிறது. கருத்து வெறும் ஊகமாக இருந்தாலும் உலகமே ஒப்புக்கொண்ட தோற்றம் அதற்கு வந்துவிடுகிறது. நடுநிலைக்காக வகுக்கப்பட்ட நடை, மறுப்புக்குத் தப்பும் வழியாகவும் பயன்படுகிறது. ‘நாம்’ என்ற தலையங்கக் குரலிடம் கண்ட அதே சிக்கல் இங்கே வினைச்சொல்லுக்குள் புகுந்திருக்கிறது.

முடிவுரை

தமிழ் வாத எழுத்தில் தன்மை இடத்தின் பயணத்தை நான்கு நிலைகளாகத் தொகுக்கலாம். நன்னூலில் அது அவைக்கு மட்டும் தரப்பட்ட விலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவலரிடமும் வள்ளலாரிடமும் அது வாழ்க்கையையே ஆதாரமாக வைக்கும் வழி. ‘குடி அரசு’ காலத்தில் அது நீதிமன்றம் வரை பதில் சொல்லும் கையொப்பம். கடிதங்களின் காலத்தில் அது உறவு. இடையில் வந்த தலையங்க ‘நாம்’ என்பதும் பின்னர் வந்த ஆய்வுநடையும், தன்மை மறையும்போது பொறுப்பும் கைமாறுவதைக் காட்டுகின்றன.

இந்த வரலாற்றிலிருந்து எழுதுபவருக்குக் கிடைக்கும் அளவுகோல் எளிது. மதிப்பீடும் பரிந்துரையும் எழுதுபவருடையவை என்றால் ‘நான்’ என்பதே நேர்மையான சொல். ஒரு குழுவின் சார்பில் பேசினால் ‘நாங்கள்’ போதும். ‘நாம்’ என்று எழுத வாசகரின் ஒப்புதல் ஏற்கெனவே கிடைத்திருக்கவேண்டும். கிடைக்காதபோது அந்தச் சொல் வாசகரின் பெயரால் போடப்பட்ட கையொப்பமாகிவிடுகிறது. எந்தத் தன்மையைத் தேர்ந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாசகர் இதை மறுக்க நினைத்தால், யாரை நோக்கி மறுப்பார்? அந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தரமுடியாத வாதம், எவ்வளவு நடுநிலையாகத் தோன்றினாலும், சோதனைக்கு வரத் தயங்கும் வாதம்தான். ‘நான்’ என்று எழுதாதே என்ற அறிவுரையை மாணவருக்குச் சொல்வதைவிட, ‘நான்’ என்று எழுதியபின் அதற்கு ஆதாரம் காட்டு என்று சொல்வதே தமிழ் வாத மரபுக்கு நெருக்கமானது.